கடல் நுரை

அன்புள்ள பாப்பா,

ஞாயிறு, செவ்வாய், வியாழன் மூன்று நாளும் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. பரீட்சையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் வருகிறது. சரி, தமிழிலேயே எழுதுகிறேன். ஏதாவது வார்த்தை புரியாவிட்டால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேள், அந்தச் சாக்கிலாவது.

உன் சங்கு நண்டு பட்டாணி நலம். வைல்டுவுட் கடற்கரையில் வாங்கியபோது முதுகில் இருந்த அந்தப் பெயின்ட் அடித்த சங்கை விட்டுவிட்டு, நீ வைத்திருந்த வெறும் ஓட்டுக்கு மாறிவிட்டான். ஹீட்டர் ஓடுவதால் தொட்டி காய்ந்துபோகிறது. ஈரப்பதம் எண்பதுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் தெளிக்கிறேன். நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், கடல் உப்புக் கரைசல் ஒரு கிண்ணம். குழாய்த் தண்ணீரில் குளோரினை எடுக்கும் சொட்டு மருந்து விடாமல் ஊற்றுவதில்லை. ஒன்பதாவது படிக்கும்போது நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது: ‘சமையல் உப்பைப் போடாதே அப்பா.’ அந்த வயதில் எத்தனை படித்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாம்.

நீ எழுதியபடியே சாப்பாடு. கடல்பாசித் தாள் அயோடினுக்கு. ஓடோடு காய்ந்த இறால் கொஞ்சம். நம் வீட்டுக்குள் இறால்! அம்மா அதை கராஜில்தான் வைக்க விடுகிறாள். முட்டை ஓடு பக்கத்து வீட்டு அம்மாள் சேர்த்து வைத்துத் தருகிறார், கொதிக்க வைத்து, காயவைத்து இடித்துப் போடுகிறேன். பசலைக் கீரை வைப்பதில்லை, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பறவைக் கூண்டில் தொங்கவிடும் வெள்ளை ஓடு ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாயே, கையில் எடுத்ததும் சிரித்துவிட்டேன். ஊரில் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்களே, அதேதான். கணவாய் மீனின் ஓடு. முழுக்கச் சுண்ணாம்பு. ஆத்தா டப்பாவில் எப்போதும் இருக்கும்.

நண்டு ரத்தத்தில் நமக்கு இரும்பு இருக்கிற இடத்தில் செம்பு இருக்கிறதாம். அதனால்தான் நீலம். இரும்பு என்றதும் ஞாபகம் வருகிறது: மாத்திரையைக் காபியோடு போடாதே. பாலோடும் வேண்டாம். ஆரஞ்சு ஜூஸோடு போடு.

உன் இன்னொரு நண்டு சுண்டல் நவம்பரில் மணலுக்குள் போனவன். தோல் உரிக்கப் போனால் மாதக்கணக்கில் ஆகும், தோண்டக் கூடாது என்று தாளில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறாய். ஜனவரியில் நீயும் வரவில்லை, அவனும் வரவில்லை. தோண்டிவிட்டேன், பாப்பா. கால், கொடுக்கு, கண் எல்லாம் அப்படியே கிடந்தன. செத்துவிட்டான் என்று நினைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். மண்ணைச் சமன் செய்யும்போதுதான் பக்கத்தில் ஓட்டுக்குள் அவனைப் பார்த்தேன், வெளுத்து, மெத்தென்று. நான் எறிந்தது உரித்த தோல். அதைத் தின்றுதான் அவனுக்குப் புதுத் தோல் கெட்டிப்படும். குப்பை வண்டி போய்விட்டிருந்தது.

அன்றைக்கு உன் மேஜை இழுப்பறையையும் திறந்தேன். உப்பு பாக்கெட் தேடி என்று எழுத நினைத்தேன். அது பொய். சும்மா திறந்தேன். ஆகஸ்டில் வாங்கிக் கொடுத்த மாத்திரை டப்பா சீல் உடைக்காமல் இருந்தது. அங்கே வேறு வாங்கியிருப்பாய். வாங்கினாயா? உன் வயதில் உன் அத்தை எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியும்.

பெரியப்பா முன்னால் உன் தட்டைப் பார்த்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அன்றிரவே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. நீ அதற்குப் பிறகு அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் கேட்காமல் கிளம்பும்போது டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்த இடத்தில் மண்ணை மூடி மூன்று வாரம் ஆகிறது. தொடவில்லை. மேலே வந்தால் முதலில் கண்ணில் படட்டும் என்று கடல் நுரையைப் பொடித்துச் சிப்பியில் வைத்திருக்கிறேன். இரவு பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.

போன் வேண்டாம் என்றால் வேண்டாம். மாத்திரை போட்டாயா என்பதற்கு மட்டும் ஒரு எழுத்து அனுப்பு. காபியோடு போடாதே.

அப்பா