அளந்தால் போதுமா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் நீயே கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். தெருப் பிள்ளைகள் இன்னும் மாலையில் கணக்குக் கற்க வருகிறார்கள். நானும் நிறுத்துவதாக இல்லை.

"முக்கோணத்தின் கோணங்களைப் பாகைமானி வைத்து அளந்து கூட்டினால் 180 பாகை வந்துவிடுகிறதே, அப்புறம் நிரூபணம் எதற்கு?" என்று உன் பேத்தி கேட்டாள் என்று எழுதியிருந்தாய். அருமையான கேள்வி! "பாடத்தில் இருக்கிறது, எழுது" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடாதே.

நாம் கல்வியியல் படித்தபோது தொகுத்தறிதலையும் (பல உதாரணங்களிலிருந்து விதியை ஊகிப்பது) உய்த்தறிதலையும் (தெரிந்த விதிகளிலிருந்து தர்க்கத்தால் நிறுவுவது) பட்டிமன்றத்தில் மோதவிடுவதுபோல எதிரெதிராக நிறுத்தி எழுதச் சொன்னார்கள். அந்தப் பிரிப்பு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பல உதாரணங்களைப் பார்த்து ஒரு விதியை ஊகிக்காத பிள்ளைக்கு நிரூபிக்க எதுவுமே இருக்காது. ஊகத்தோடு நின்றுவிட்ட பிள்ளையோ தன் விதி எதுவரை செல்லும் என்று அறியாது.

முக்கோணத்தையே எடுத்துக்கொள். நேர்மையாக அளந்தால் ஒருத்திக்கு 179 வரும், இன்னொருத்திக்கு 181 வரும். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்துவிட்டால், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் மூன்று கோணங்களும் ஒரே நேர்கோட்டில் வந்து அமர்ந்துவிடுகின்றன. இனி யாரும் வரையாத முக்கோணத்துக்கும் அது பொருந்தும். ஆனால் இதை மட்டும் சொன்னால் உன் பேத்தி சமாதானமாக மாட்டாள். இரண்டு வழியிலும் விடை 180தானே என்பாள். அவள் நம்பிய ஓர் ஒழுங்கு அவள் கண்முன்னே ஒருமுறையாவது உடைய வேண்டும்.

அதற்கு ஒரு வட்டம் போதும். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைக்கச் சொல். உள்ளே எத்தனை பகுதிகள் என்று எண்ணட்டும். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு எவ்வளவு என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 32 என்றுதான் சொல்லும். வரைந்து எண்ணினால் 31! என்னிடம் வரும் பிள்ளைகள் காணாமல் போன ஒரு பகுதியைத் தேடித் தேடிக் களைத்துப் போவார்கள். (புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்காமல் பார்த்துக்கொள். வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்து 30 ஆகிவிடும்.)

அந்த நேரத்தில்தான் "ஏன்?" என்று அவர்களே கேட்கிறார்கள். முதலில் வட்டம் ஒரே பகுதி. ஒரு நாண், அதாவது இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு, வரைந்தால் ஒரு பகுதி கூடுகிறது. அது பழைய நாண்களை எத்தனை இடங்களில் வெட்டுகிறதோ, அத்தனை பகுதிகள் மேலும் கூடுகின்றன. ஆக, ஒன்றுடன் நாண்களின் எண்ணிக்கையையும் வெட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். எந்த இரண்டு புள்ளிகளுக்கும் ஒரு நாண், எந்த நான்கு புள்ளிகளுக்கும் ஒரு வெட்டுப் புள்ளி. ஐந்து புள்ளிகளுக்கு 1 + 10 + 5 = 16. ஆறுக்கு 1 + 15 + 15 = 31. ஏழுக்கு 57 என்று வரையாமலே சொல்லிவிடலாம். இரட்டிப்பாவது போலத் தெரிந்தது தொடக்கத்தில் மட்டும் அமைந்த பொருத்தம்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று அவளிடம் சொல். 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் எழுதலாம். 9-ஐ 30 வகையில், 14-ஐ 135 வகையில் எழுதலாம். மக்மஹோன் என்ற கணித அறிஞர் 200 வரை கணக்கிட்டுத் தந்த அட்டவணையை உற்றுப் பார்த்த இராமானுஜன், 4-லோ 9-லோ முடியும் எண்களுக்கெல்லாம் இந்த எண்ணிக்கை 5-ஆல் வகுபடுகிறது என்று கண்டார். கண்டதோடு நிற்காமல் நிரூபித்தும் காட்டினார். 7, 11 ஆகியவற்றுக்கும் இதுபோன்ற ஒழுங்குகள் தெரிந்தன. 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் (7×7, 7×7×7 போன்றவை) அப்படியே தொடரும் என்று ஊகித்தார். ஆனால் 7-இன் கனமான 343-ஐச் சோதிக்க வேண்டிய முதல் எண் 243. அட்டவணையோ 200-உடன் நின்றுவிட்டது. பிற்பாடு ஹன்ஸ்ராஜ் குப்தா என்ற கணித அறிஞர் அட்டவணையை 300 வரை நீட்டினார். 243-க்குரிய எண்ணிக்கை 343-ஆல் வகுபடவில்லை, ஊகம் பொய்க்கிறது என்று 1934-இல் சௌலா என்ற கணித அறிஞர் எடுத்துக்காட்டினார். வாட்சன் என்ற இன்னொரு கணித அறிஞர் 7-க்குரிய விதியைத் திருத்தி, அந்தத் திருத்திய வடிவத்தை 1938-இல் நிரூபித்தார். இராமானுஜன் அப்படித் துணிந்து ஊகித்திராவிட்டால் திருத்துவதற்குத்தான் என்ன இருந்திருக்கும்? அதனால் பேத்தியின் ஊகம் தப்பானால் சிவப்பு மையால் அடித்துவிடாதே.

வட்டம் முடிந்ததும் ஒற்றை எண்களைக் கூட்டச் சொல். 1, 1+3, 1+3+5 என்று போனால் 1, 4, 9 என வர்க்க எண்களாகவே வரும். "இதுவும் எங்கேயாவது உடையுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. கொஞ்சம் புளியங்கொட்டைகளைக் கொடுத்துச் சதுரமாக அடுக்கச் சொன்னால் போதும். விளக்கத்தை நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அவள் என்ன சொன்னாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். முழு ஆண்டு விடுமுறைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு இங்கே வா.

அன்புடன்,
உன் தோழி