ரெசிடென்சிக் குழுவின் பணிகள்: செயலரின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் இலவச சர்க்கரை நோய் முகாமும் மாணவர் உதவித்தொகையும் வழக்கம்போல் குறைவின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அமெரிக்காவில் புதிதாக ரெசிடென்சி (மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு மருத்துவமனையில் தரும் துறைப் பயிற்சி) தொடங்க முயலும் சிறு மருத்துவமனைகளுக்கு நம் ரெசிடென்சிக் குழு சொன்ன யோசனைகளே இவ்வறிக்கையின் பெரும்பகுதி. நம் உறுப்பினர்கள் பலர் அங்கே துறைத் தலைவர்களாகவும் பயிற்சி இயக்குநர்களாகவும் இருக்கிறார்கள்.

அங்கீகாரம் தருவது ஏசிஜிஎம்இ எனும் மருத்துவப் பயிற்சி அங்கீகார அமைப்பு. பணத்தில் பெரும்பங்கைத் தருவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர். இரண்டுக்கும் விதிகள் வேறு, காலக்கெடுவும் வேறு. அங்கீகாரம் கைக்கு வந்தபின் பணத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று இருப்பதுதான் குழு கண்ட தவறுகளில் மிகப் பெரியது. அதைப் பின்னர் திருத்துவது மிகக் கடினம்.

1997இல் வந்த பட்ஜெட் சட்டம், மெடிகேர் பணம் தரும் ரெசிடென்ட் (பயிற்சி மருத்துவர்) எண்ணிக்கையை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் 1996 கணக்கின்படி நிறுத்திவிட்டது. அதுவரை ரெசிடென்டே இல்லாத மருத்துவமனைக்கு மட்டும் வேறு வழி உண்டு. முதல் புதிய பயிற்சியில் முதல் ரெசிடென்ட் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வளரலாம். அதன்பின் உச்சவரம்பு நிலைத்துவிடும். ஐந்தாம் ஆண்டில் எந்த வகுப்பில் அதிகம் பேர் இருக்கிறார்களோ அந்த எண்ணைப் பயிற்சிக் காலத்தால் பெருக்குவார்கள். மூன்றாண்டுக் குடும்ப மருத்துவத்தில் ஒரு வகுப்பில் 6 பேர் என்றால் 18. எல்லா வகுப்புகளிலும் 4 பேரே இருந்தால் 12தான். ரெசிடென்ட் வேறு மருத்துவமனையில் செலவிடும் மாதங்களும் அந்த எண்ணில் நம் மருத்துவமனையின் பங்கிலிருந்து கழியும். நகர்ப்புற மருத்துவமனை உள்மருத்துவம், குடும்ப மருத்துவம், மனநலம் மூன்றையும் தொடங்க நினைத்தால் மூன்றும் அந்த ஐந்தாண்டுக்குள் தொடங்க வேண்டும். ஆறாம் ஆண்டில் வரும் பயிற்சிக்கு வரம்பு கூடாது. கிராமப்புற மருத்துவமனைக்குப் பிறகும் புதிய பயிற்சிக்காக வரம்பு உயரும். இந்தச் சலுகையைப் பலர் அறியவில்லை.

இதைவிட அதிகம் கவனிக்கப்படாதது ஒரு ரெசிடென்டுக்கு மெடிகேர் கணக்கிடும் அடிப்படைத் தொகை. முதல் கணக்கு ஆண்டில் மருத்துவமனைக்கு உண்மையில் ஆன செலவு, சுற்றுவட்டார மருத்துவமனைகளின் சராசரி, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே நிலைக்கும். பின்னர் விலைவாசிக்கேற்ற ஏற்றம் மட்டுமே உண்டு. ஆகவே முதல் ஆண்டுச் செலவை முழுமையாகப் பதிய வேண்டும்: ரெசிடென்ட் சம்பளம், காப்பீடு, இயக்குநரின் ஊதியம், அலுவலகப் பணியாளர், கற்பிக்கும் மருத்துவர்கள் அதற்குச் செலவிட்ட நேரம். அந்தக் கடைசி இனத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். நேரப்பதிவுத் தாள் இல்லையென்றால் தணிக்கையில் அந்தச் செலவு நிற்காது, தொகை இறங்கிவிடும்.

பக்கத்து மருத்துவமனையின் ரெசிடென்ட்களை ஒரு மாதம் சுழற்சிக்கு ஏற்றுக்கொள்வதும் முன்பு இந்தத் தொகையை அற்ப எண்ணிக்கையில் உறைய வைத்தது. 2020 டிசம்பர் 27 முதல் தொடங்கும் கணக்கு ஆண்டுகளில், சுழற்சிக்கு வருவோர் முழுநேரக் கணக்கில் ஒரு ரெசிடென்ட் (1.0) ஆகாதவரை அது நிலைக்காது. இருந்தாலும் சுழற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மருத்துவமனை மெடிகேருக்குத் தந்த பழைய செலவறிக்கைகளைப் பாருங்கள் என்றே எல்லோருக்கும் சொன்னோம்.

அங்கீகாரத்துக்கு முதலில் மருத்துவமனை, பயிற்சிகளுக்குப் பொறுப்பேற்கும் தாங்கு நிறுவனமாக ஏற்கப்பட வேண்டும். பிறகுதான் பயிற்சிக்கு விண்ணப்பம், நேரடி ஆய்வு, ஏசிஜிஎம்இயின் துறைக் குழுவின் முடிவு. இயக்குநரை விண்ணப்பத்துக்கு முன்பே நியமித்து, அவருக்குச் சிகிச்சைப் பணியிலிருந்து விலக்கிய நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். தொடக்க அங்கீகாரம் கிடைத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டில் மறு ஆய்வு வரும். அதில் மேற்பார்வையும் பணிநேரமும் பார்க்கப்படும். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரமே உச்சம். வீட்டிலிருந்து நோயாளிக் குறிப்பு எழுதும் நேரமும் அதில் சேரும். ஏழில் ஒரு நாள் ஓய்வு, தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது. பொறுப்பை ஒப்படைப்பது போன்ற நோயாளி பாதுகாப்புப் பணிக்கும் கற்றலுக்கும் மட்டும் மேலும் 4 மணி நேரம் வரை உண்டு. ஆண்டுதோறும் ரெசிடென்ட்களிடம் ஏசிஜிஎம்இ எடுக்கும் கருத்துக்கணிப்பில் குறைந்தது 70 சதவீதம் பேர் பதிலளிக்க வேண்டும். அந்தப் பதிலை வழிநடத்த முயலும் நிர்வாகம் தன் அங்கீகாரத்தையே பணயம் வைக்கிறது. பிள்ளைகள் மனந்திறந்து எழுதட்டும், குறையைத் திருத்துங்கள் என்பதே நம் உறுதியான யோசனை.

சுழற்சி அட்டவணை பற்றியும் பயிலரங்கில் விரிவாகப் பேசினோம். ஒரே நாளுக்கு ஒரே ரெசிடென்டைக் காட்டி இரண்டு மருத்துவமனைகள் பணம் கோரினால், ரெசிடென்ட்களின் விவரம் அடங்கிய மெடிகேர் தரவுக் கோப்பில் அவர் 1.0ஐத் தாண்டிவிடுவார், மிகை கழிக்கப்படும். கோப்பும் செலவறிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் அறிக்கையே திரும்பி வரும். மாதக் கடைசியில் இரு தரப்பும் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும். வெளி கிளினிக்கில் கழியும் நேரத்தையும் கோரலாம். அந்த நாட்களுக்குச் சம்பளமும் சலுகைகளும் மருத்துவமனை கொடுத்திருக்க வேண்டும். துறை மாறி வரும் ரெசிடென்டுக்கு முதலில் சேர்ந்த துறையின் காலமே கணக்கு. அது முடிந்தபின், பயிற்சிச் செலவுக்கு மெடிகேர் தரும் நேரடித் தொகையில் அவர் அரை ஆளாகத்தான் எண்ணப்படுவார்.

வரம்பை எட்டிவிட்ட மருத்துவமனைகளுக்கு 2021 செலவினச் சட்டம் 1,000 கூடுதல் ரெசிடென்ட் இடங்களை ஒதுக்கியது. ஆண்டுக்கு 200 வீதம், ஒரு மருத்துவமனைக்கு மொத்தம் 25க்கு மேல் இல்லை. கடைசிச் சுற்றுக்கு விண்ணப்ப நாள் 2026 மார்ச் 31. சமூக சுகாதார மையம் நடத்துவோருக்கு எச்ஆர்எஸ்ஏ எனும் அமெரிக்க அரசின் சுகாதார வள அமைப்பு தரும் பயிற்சி மைய நிதி, ரெசிடென்டுக்கு ஆண்டுக்கு 1,60,000 டாலர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2025 வரை அதைச் சிறுசிறு காலமாக நீட்டித்து வந்ததால், மூன்றாண்டுக்கு ஆள் எடுத்த மையம் பணம் வருமா என்று தெரியாமலே எடுத்தது. இது நியாயமில்லை. நிலையான ஒதுக்கீடு கோரிச் சங்கத்தின் சார்பில் நம் பகுதி காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.

2019இல் பிலடெல்பியாவின் ஹானமன் மருத்துவமனை மூடியபோது 550க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்கள் இடம் இழந்தனர். ஜே-1 எனும் பயிற்சி விசாவில் இருப்பவருக்கு அங்கீகாரம் பெற்ற வேறு இடம் உடனே தேவை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் நம் பிள்ளைகளுக்கு இது வெறும் செய்தியல்ல. வரம்பை எட்டிவிட்ட மருத்துவமனை அவர்களை ஏற்றால், தற்காலிக வரம்பு உயர்வை அது குறித்த காலத்துக்குள் மெடிகேரிடம் கோரினால்தான் அவர்களுக்கான பணம் வரும். அதற்கான மாதிரிக் கடிதங்களைக் குழு தயாரித்து வைத்திருக்கிறது.

வரும் ஆண்டில் இடம் கோரி விண்ணப்பிக்கும் உறுப்பினர்கள், சுழற்சி அட்டவணையையும் கடைசி மூன்று செலவறிக்கைகளையும் ஜனவரிக்குள் குழுவிடம் தந்தால் சரிபார்த்துத் தருகிறோம்.

நன்றி, வணக்கம்.
செயலர்