கிளை கழிக்கும்போது குச்சிகளை விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு,

பருவமழையை முன்னிட்டு வடசென்னைப் பூங்காக்களில் மரக்கிளைகள் கழிக்கப்படுவது குறித்த தங்கள் நாளிதழின் செய்தியைப் படித்தேன். மின்கம்பியை உரசும் கிளைகளையும் உளுத்த பெருங்கிளைகளையும் வெட்டத்தான் வேண்டும். ஆனால், பூங்காவின் உட்புற மரங்களிலும் விரல் பருமன்கூட இல்லாத பட்ட குச்சிகளை மழித்துவிடுவது வீண்வேலை. இதே அக்டோபர் வாக்கில்தான் பழுப்பு ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவை வலசை வருகிறது. மார்ச் வரை தங்குகிறது. சுமார் 13 செ.மீ. நீளமுள்ள இப்பறவை நிழலில், இலையற்ற குச்சியில் நிமிர்ந்து அமர்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். இலை அடர்ந்த கிளை அதற்கு உதவாது. பார்வை மறையும், பாய வழி இராது. பெரம்பூர்ப் பக்கத்துச் சிறு பூங்கா ஒன்றில், பெரிய பூச்சியாக இருந்தால் வேப்பங்குச்சியில் இரண்டு முறை அடித்துவிட்டே அது விழுங்குவதைக் கண்டிருக்கிறேன். (கொசுத்தொல்லையை இது தீர்த்துவிடும் என்று சொல்லவரவில்லை.)

மின்கம்பியும் நடைபாதையும் இல்லாத இடங்களில், 2 முதல் 4 மீட்டர் உயரத்தில் மரத்துக்கு நான்கைந்து பட்ட குச்சிகளை விட்டுவைக்க ஒப்பந்தப் பணியாளர்களுக்கு அறிவுறுத்தலாம். பெருங்கிளையை வெட்டும்போது முதலில் அடிப்புறம் சிறிது அறுத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து அறுக்கச் சொல்ல வேண்டும். மேலிருந்தே அறுத்தால் கிளையின் கனம் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். அந்தக் காயத்தில் மழைக்காலத்தில் பூஞ்சை ஏறும்.

- வாசகர், பெரம்பூர்