சாமான் பெட்டிக்குள் ஒரு கடிதம்

ஹரோ, லண்டன்
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற மருந்து பெட்டியில் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் உன் ஜீப்புக்கு. கொண்டு வருபவர் நிறைக் கணக்குப் பார்க்கிற மனிதர், ஆகவே பெரிய சாமான் ஒன்றும் இல்லை. எல்லாம் சின்னப் பைகள். எந்தப் பை எதற்கு, எதை அங்கேயே எடுக்கலாம், எதை மாற்றவே கூடாது என்று ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால்தான் இந்தக் கடிதம். கராஜில் ஒயில் படாத இடமாகப் பார்த்து ஒட்டி வை.

இங்கே இப்போது பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. தெருவெல்லாம் உப்புத் தூவத் தொடங்கிவிட்டார்கள், பனி உறையாமல் இருக்க. அந்த உப்பு வாகனங்களின் அடித்தகட்டைத் தின்னுகிற வேகத்தைப் பார்த்தால் காரைநகர்க் கடற்காற்று எவ்வளவோ பரவாயில்லை. இதனால்தான் பழைய இராணுவ வாகனம் வைத்திருப்பவர்கள் மார்கழி, தையில் அதைத் தெருவுக்கு எடுப்பதில்லை. பின்வளவுக் கொட்டிலுக்குள் ஹீட்டர் ஒன்றை மூட்டிவிட்டு ஒவ்வொரு நட்டாகக் கழற்றிக் கொண்டிருப்பார்கள். புரட்டாதி வாக்கில் ஹாம்ப்ஷயரில் பியூலி என்ற இடத்தில் பழைய சாமான் சந்தை கூடும். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் கடைகள் மாதிரி நீள நீளமாய் மேசைகள். ஐஸ்கிறீம் டப்பாக்களில் கறள் பிடித்த போல்ற்கள். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு, போல்ற்றின் தலையில் எஃப் எழுத்து இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிற கிழவர்கள்.

எஃப் என்றால் ஃபோர்ட். இரண்டாம் உலக யுத்தத்தில் (எங்கள் யுத்தம் இல்லை) இந்த ஜீப்பை வில்லிஸும் ஃபோர்டும் ஒரே வரைபடத்தில் செய்தன. ஃபோர்ட் தன் போல்ற்களில்கூட எஃப் அடித்துத்தான் அனுப்பியது. உன்னுடையது எது என்று பார்க்க முன் குறுக்குச் சட்டத்தைப் பார்: உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், யூ எழுத்தைக் கவிழ்த்த மாதிரி என்றால் ஃபோர்ட். ஃபோர்ட் என்றால் கழற்றுகிற எஃப் போல்ற் ஒன்றையும் எறியாதே, தனிப் போத்தலில் போடு. இங்கே அதற்கு ஆள் இருக்கிறது.

இங்குள்ளவர்களில் இரண்டு சாதி. ஒன்று, 1944 இல் பெட்டியில் அடைத்த சாமானைத் தவிர வேறு எதையும் தொடாத சாதி. மற்றது, எல்லாவற்றையும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலுக்கு மாற்றிப் பளபளக்க வைக்கிற சாதி. இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். றப்பர், தோல், கடதாசி, வயர்த் தோல் ஆகியவை பெட்டிக்குள் கிடந்தாலும் கிழடாகும். அவற்றில் பழசு வேண்டாம், புதிய தரத்துக்கு ஏறு. மற்றப் பக்கம், சில பாகங்கள் தாம் தேய்ந்து பெரிய பாகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே மெலிதாகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பலப்படுத்தினால் அடுத்து உடைவது உனக்குக் கிடைக்காத சாமானாக இருக்கும்.

முதலில் மரை. ஏ40, மொறிஸ், ஜப்பான் வான், லான்ட்மாஸ்ரர் என்று எல்லாவற்றின் போல்ற்களும் ஒரே தகரத்தில் கிடக்கிற கராஜ் எங்களுடையது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஜீப்பின் மரை அமெரிக்க மரை, இன்றைய யூஎன்எஃப் (நைஸ் மரை), யூஎன்சி (கரட்டு மரை) இரண்டும் அதோடு பொருந்தும். மூன்று நூல் போல்ற் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று) என்றால் நைஸ் மரையில் அங்குலத்துக்கு 24, கரட்டு மரையில் 16. பழைய இங்கிலாந்து வண்டியின் மூன்று நூல் பிஎஸ்எஃப் போல்ற்றில் 20 மரை, கோணமும் வேறு. இது விரலாலேயே மாட்டாது, ஆகவே ஆபத்தில்லை. ஆபத்து, மாட்டுகிற மாதிரி இருக்கிறதில்தான். இரண்டரை நூல் யூஎன்எஃப் போல்ற்றும் எட்டு மி.மீ. நைஸ் மரை நட்டும் இரண்டு மூன்று சுற்று ஓடும், பிறகு இறுகும். கறள் என்று நினைத்து ஸ்பனரைப் போட்டால் மரை போச்சு. மரை அளக்கிற சீப்பு ஒன்று நீலப் பையில் இருக்கிறது. போல்ற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சீப்பை வை. பல்லுக்கும் மரைக்கும் நடுவில் வெளிச்சம் ஒழுகினால் அது வேறு மரை. ஸ்பனரும் அப்படித்தான். அரை அங்குலத் தலை 12.7 மி.மீ., அதற்கு 13 ஸ்பனர் போடுவதை நிறுத்து. மூலை உருண்டு போவது அதனால்தான்.

இதில் உயிர்போகிற இடம் பிறேக் பைப். ஜீப்பின் மெல்லிய பைப் நட் மூன்று நூல், 24 மரை, அதாவது 9.5 மி.மீ. சொச்சம். ஜப்பான் வாகனத்தினது 10 மி.மீ., ஒரு மி.மீ. மரை. ஜீப் நட்டை ஜப்பான் சிலிண்டரில் விட்டால் இலகுவாய் உள்ளே போகும், இறுகினது போலவும் இருக்கும். மெதுவாய் மிதித்துப் பார்த்தால் ஒழுக்கும் இல்லை. நாயோ ஆடோ குறுக்கே வந்து பலமாய் மிதிக்கிற அன்றைக்குத்தான் மரை உரிந்து நட் வெளியே வரும். அதனால் மஞ்சள் பையில் உள்ள பித்தளை நட்களை மட்டும் பாவி. சுருளாய் இருக்கிறது 25 அடி செப்பு நிக்கல் பைப், பதினாறில் மூன்று அங்குலம். கையாலேயே வளையும், கறள் பிடிக்காது. ஃபிரிட்ஜ்காரரிடம் வாங்குகிற வெறும் செப்புப் பைப் வேண்டாம், அது அதிர்வில் விறைத்து வாயடியில் வெடிக்கும். வாயை அமெரிக்க முறையில் இரட்டை மடிப்பாய், 45 பாகையில் மடிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு பிளக்கும். மடிப்பதற்கு முன் நட்டைப் பைப்பில் போட மறந்துவிடாதே, எல்லாரும் ஒரு தரம் மறப்பார்கள்.

வீல் சிலிண்டருக்குள் இருக்கிற றப்பர்க் கப்களை அங்கே வழக்கம்போல மண்ணெண்ணெயில் கழுவாதே. இதை இரண்டு தரம் வாசி. மண்ணெண்ணெய், பெற்றோல், என்ஜின் ஒயில் மூன்றும் அந்த றப்பரை ஊதவைக்கும். ஊதின கப் சிலிண்டருக்குள் போகும், மிதித்தால் பிடிக்கும், ஆனால் திரும்பி வராது. விளிம்பு பின்பக்கம் மடிந்து, பிறேக் உரசி உரசி ட்றம் கொதிக்கும். மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் அல்லது புதுப் பிறேக் ஒயிலில் மட்டும் கழுவு. சிலிண்டருக்குள் கறள் குழி இருந்தால் கப் எத்தனை மாற்றினாலும் ஒழுகும். லேத்தில் கொடுத்துப் பித்தளை உறை ஏற்று.

பிறேக் ஒயில் டொட் 4 போதும். அமெரிக்க இராணுவம் 1980களில் சிலிக்கோனுக்கு, அதாவது டொட் 5 க்கு மாறியது, இங்கே பலரும் அதைத்தான் விடுகிறார்கள். ஈரம் உறிஞ்சாது, பெயின்றைத் தின்னாது. நிற்கிற வண்டிக்கு நல்லது. ஆனால் உன் ஜீப் ஓடுகிற வண்டி. வழியில் குறைந்தால் யாராவது கிடைத்ததை விடுவார்கள், இரண்டும் கலக்கக் கூடாது. டொட் 4 விட்டு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் முழுதாய் மாற்று. பழைய பிறேக் லைனர் தூசைக் காற்றடித்து ஊதாதே, அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டி எறி. இங்கே வெள்ளை அஸ்பெஸ்ரஸையும் 1999 இல் தடை செய்துவிட்டார்கள்.

ஸ்ரெயின்லெஸ் போல்ற் கேட்டிருந்தாய். பொடிக்கு, தரைத் தகட்டுக்கு, சீற்றுக்கு என்று ஒரு பை வைத்திருக்கிறேன். ஸ்ரியறிங், ஸ்பிறிங், பிறேக் தட்டு ஆகிய இடங்களில் கை வைக்காதே. சாதாரண ஸ்ரெயின்லெஸ் ஏ2-70, இழுத்தால் 450 மெகாபஸ்கல் அளவில் நீளத் தொடங்கும். 8.8 என்று தலையில் அடித்த இரும்பு 640 வரை தாங்கும். அமெரிக்க போல்ற்றில் தலையில் மூன்று கோடு இருந்தால் ஏறக்குறைய 8.8, ஆறு கோடு என்றால் அதைவிடப் பலமான 10.9. கோடே இல்லாததை ஸ்ரியறிங்கில் போடாதே. இன்னொன்று, ஸ்ரெயின்லெஸ் நட்டை ஸ்ரெயின்லெஸ் போல்ற்றில் உலரவிட்டு வேகமாய் ஓட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு வாளால் அரியத்தான் வேணும். கொஞ்சம் கிறீஸ் பூசி, கையால் ஓட்டு.

புகை வெளியேறுகிற மனிபோல்ட்டில் இருக்கிற பித்தளை நட்களைக் கண்டு இரும்புக்கு மாற்றிவிடாதே. அவை அப்படித்தான் இருக்க வேணும். இரும்பு நட் சூட்டில் ஸ்ரட்டோடு (தலையில்லாத போல்ற்) ஒன்றாகிவிடும், கழற்றும்போது ஸ்ரட் புளொக்குக்குள் முறியும். பித்தளை தன் மரையைக் கொடுத்து ஸ்ரட்டைக் காப்பாற்றும். நைலோன் வைத்த பூட்டு நட்டும் அந்தப் பக்கம் ஆகாது, இளகிப் பிடி விட்டுவிடும். செப்பு வாசர்களை எறியாமல் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடு, திரும்ப மெதுமையாகும்.

ஒயில் சீலுக்கு 'ஜீப் சீல்' என்று கேட்டு அலையத் தேவையில்லை. பழசு தோல் சீல். தண்டின் விட்டம், கூட்டின் விட்டம், அகலம் மூன்றையும் அளந்துகொண்டு போனால் நைற்றைல் (ஒயில் தாங்குகிற றப்பர்) சீல் கடையிலேயே கிடைக்கும். போடுமுன் தண்டில் நகத்தை ஓட்டிப் பார். பழைய சீல் உரசின இடத்தில் வரி விழுந்திருந்தால் நகம் தட்டும். அதே இடத்தில் புதுசின் உதடும் உட்கார்ந்தால் ஒழுகும். கூட்டில் இடமிருந்தால் இரண்டு மி.மீ. உள்ளே தள்ளிப் போடு, உதடு புது இரும்பில் ஓடும். பேரிங்கும் அப்படியே. சில்லுப் பேரிங் கோன் 18590, கப் 18520. எந்தப் பேரிங் கடைக்கும் அந்த இலக்கம் தெரியும்.

மின்சாரம். 6 வோல்ற்றை 12 ஆக்கவா என்று கேட்டாய். என் எண்ணம், முதலில் 6 ஐ ஒழுங்காக்கிப் பார். ஒரே 45 வாற் விளக்குக்கு 12 வோல்ற்றில் நாலு அம்பியருக்குக் குறைவு, 6 இல் ஏழரை. வயரில் அரை வோல்ற் தொலைந்தால் 12 க்கு அது நாலு வீதம், 6 க்கு எட்டு வீதம். ஸ்ராட்டர் முனகுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் 12 வோல்ற் காரின் மெல்லிய பற்றறிக் கேபிள். அங்கேயே 70 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் வாங்கு, 50 க்குக் கீழே வேண்டாம். என்ஜினில் இருந்து சட்டத்துக்குப் பின்னல் பட்டி ஒன்று போடு, இரண்டு முனையிலும் பெயின்றைச் சுரண்டி இரும்பு தெரியவேணும். ஸ்ராட்டர் தவிர்ந்த மற்ற வயர்களுக்குத் தாய் வயரில் 30 அம்பியர் பியூஸ் ஒன்று சேர். துணி சுற்றின பழைய வயர் வடிவுதான், ஆனால் உள்ளே றப்பர் பொடியாகியிருக்கும். பச்சைப் பையில் உள்ளது வெளியே துணி, உள்ளே பிளாஸ்ரிக்.

அந்தப் பையிலேயே கொண்டென்சர் இரண்டு. 0.22 மைக்ரோபரட், 630 வோல்ற், பிலிம் வகை. யுத்த காலத்துப் பெட்டியோடு பழைய கொண்டென்சர் கிடைத்தது என்று சந்தோஷப்படாதே. உள்ளே கடதாசி, ஈரம் ஏறியிருக்கும். இருபது நிமிஷம் நல்லாய் ஓடும், சூடானதும் நின்றுவிடும், ஆறினால் திரும்ப ஸ்ராட் வரும். எல்லாரும் பெற்றோல் பக்கம் தேடுவார்கள். பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030.

பெற்றோல் குழாய் கறுப்புச் சுருள், அதில் ஆர்9 என்று அடித்திருக்கும். இங்கே 2021 செப்டெம்பரில் இருந்து சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள், பழைய றப்பரெல்லாம் அதில் கரைந்தும் வெடித்தும் போகும், இந்தக் குழாய் தாங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊருக்கு இதெல்லாம் புதுமையில்லை, ஆனால் சைக்கிள் ரியூப் வெட்டிப் போடுகிற பழக்கத்தை மட்டும் விடு. தண்ணீருக்குச் சரி, பெற்றோலில் ஊதிக் கூழாகும். கியர் பொக்ஸுக்கு ஜிஎல் 4 ஒயில்தான். ஜிஎல் 5 உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களுக்கு ஆகாது. மீற்றர் முகப்பில் இருட்டில் ஒளிர்கிற பெயின்ற் இருந்தால் சுரண்டாதே, அந்தக் காலத்தில் அதில் ரேடியம் கலப்பார்கள்.

நிறம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை ஜீப் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் அம்மாவுக்கு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும்.

கடைசியாய்ச் சில்லு நட். இடப்பக்கச் சில்லுகளின் மரை மாறி ஓடும், வலம் சுற்றினால் கழரும். ஸ்ரட்டின் நுனியில் எல் எழுத்து இருக்கும், கறள் மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார். ரயர்க் கடைப் பெடியன் தெரியாமல் குழாயை மாட்டி ஏறி நின்றால் முறிவது ஸ்ரட். பத்து நட் தனியாய் அனுப்புகிறேன், சில்லுக்கு ஐந்து. சிவப்பு நூல் கட்டின பை இடப்பக்கத்தினது. போட்டபின் அந்தப் பத்தின் தலையிலும் ஒரு பொட்டுச் சிவப்புப் பெயின்ற் வைத்துவிடு.

இப்படிக்கு
அண்ணா