மழைக்கு முன் 500 நிவாரணப் பைகள்: இன்னும் ரூ. 2,15,000 குறைகிறது

ஊத்தங்கரை வட்டாரப் பெரியோர்களுக்கும் வெளியூரில் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் புரட்டிக்கொண்டு போனது. இப்படிப்பட்ட வேளையில் உதவிப் பொருள் வராமல் போவதில்லை. பங்கீட்டில்தான் கோட்டை விடுகிறோம். லாரி தார்ச்சாலையைத் தாண்டாது. சாலையோர வீட்டுக்கு மூன்று முறை கிடைக்கும், ஏரிக்கு அப்பாலுள்ள குடிசைக்கு ஒன்றும் போகாது. ரொட்டி பூசணம் பிடிக்கும். பழந்துணி நனைந்து கிடக்கும், அதைப் பிரிக்கவே பத்துப் பேர் வேண்டும்.

ஆகவே இம்முறை பை கொடுப்பதற்கு முந்தின நாள் மாலையே வீடு வீடாக எண் போட்ட டோக்கன். பேரேட்டில் ரேஷன் அட்டையின் கடைசி நான்கு இலக்கம். அட்டை வெள்ளத்தில் போயிருந்தால் பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்துப் போதும். கல்குவாரி, செங்கல் சூளைத் தொழிலாளர் பலருக்கு இங்கே அட்டையே இராது. அவர்களுக்குத் தனிப் பட்டியல். கடைக்கோடி வீட்டில் தொடங்கித் தார்ச்சாலையில் முடிப்போம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வரும். நாப்கினைப் பெண்களே தனி உறையில் கொடுப்பார்கள். வரவு, செலவு, இருப்பு அன்றிரவே சுவரில் ஒட்டப்படும்.

ஒரு பைக்கு: அரிசி 10 கிலோ ரூ. 450 (நாலு பேர் வீட்டுக்கு ஆறு நாள் வரும்), துவரம் பருப்பு 1 கிலோ 150, எண்ணெய் 1 லிட்டர் 140, உப்பு, புளி, மிளகாய்த்தூள் 110, சோப்பு, நாப்கின் 100, போர்வை 250. ஆக 1,200. 500 பைக்கு 6,00,000. கையிலுள்ளது 3,85,000. அரிசியை இப்போதே வாங்கி அடுக்கினால் வண்டு விழும். அதனால் 25 கிலோ சிப்பம் 200-க்கு மண்டியில் முன்பணம் கட்டி வைக்க வேண்டும். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை கெடு.

இதுவரை கொடுத்த மாங்காய் மண்டிக்காரர்கள், பால் ஊற்றும் காசில் பிடித்துக்கொள்ளச் சொன்ன தாய்மார்கள், மகளிர் குழுவினர், ஆசிரியர்கள், ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்த்து ஒருநாள் கூலி அனுப்பிய பிள்ளைகள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பெருமாள் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர்ச் சீமை இது. பல நாள் பலரோடு போய் நின்றாலும் முதல் நாள் போலவே முகம் மலர்ந்தவன் அவன். அந்தத் தைரியத்தில்தான் மறுபடியும் கேட்கிறோம்.

மாரியம்மன் திருவிழா வரியைத் தவறாமல் கட்டும் சில வீடுகள் இதற்கு இன்னும் வாய் திறக்கவில்லை. பெயர் எழுத மாட்டோம், ஊருக்குத் தெரியும்.

பணம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். போர்வை, தார்ப்பாய் என்றால் புதிதாக, கட்டுப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். பழந்துணி வேண்டாம்.

இப்படிக்கு,
நிவாரணக் குழுவினர்