தொட்டிக்குள் இருப்பதைப் படம் காட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்போருக்கான செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இலையைப் படம் எடுத்து அனுப்பினால் நோயின் பெயரும் மருந்தும் நொடியில் கிடைத்துவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அப்படியொரு செயலியை எங்கள் வீட்டுச் செடிகளுக்காக நானே உருவாக்கி, அதன் பேச்சைக் கேட்டு ஒரு ரோஜாச் செடியை இழந்தவனும்கூட. அந்த அனுபவத்தை வைத்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம் இருந்தது; நட்ட நாள், நீர் விட்ட நாள், உரம் வைத்த நாள் ஆகியவற்றை அதில் குறித்துக்கொள்ளலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை ‘தண்ணீர் விடவும்’ என்று கைப்பேசி ஒலிக்கும். வானம் மூடிக் கிடந்த நாட்களிலும் அது தவறாமல் ஒலித்தது, நாங்களும் தவறாமல் ஊற்றினோம். ரோஜாவின் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் படம் எடுத்துக் கேட்டோம். தழைச்சத்துக் குறைவு என்று சற்றும் தயங்காமல் பதில் வந்தது. உரம் வைத்த பிறகு செடி இன்னும் தளர்ந்தது. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, வடிகால் துளையை ஓட்டுச்சில்லு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அடிமண் சேறாகி நாற்றமடித்தது. வெளுத்திருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறி, விரலால் இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு வந்தன.

செயலி சொன்னது அபத்தம் அல்ல. தழைச்சத்து குறையும்போது செடி அதைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுவதால் அடி இலைகளே முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வளவு எளிதில் நகராது என்பதால், அதன் குறைவு கொழுந்து இலைகளில், நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் தெரியும். ஆனால் நீர் தேங்கி வேருக்குக் காற்றில்லாமல் போனாலும் அடி இலைகள் மஞ்சளாகும். நீரில்லாத செடியும் நீர் மிகுந்த செடியும் ஒன்றுபோலத்தான் வாடி நிற்கின்றன.

2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப்படத் தொகுப்பின் 54,306 படங்களைக் கொண்டு 14 பயிர்களையும் 26 நோய்களையும் அடையாளம் காணப் பழக்கப்பட்ட நிரல், அதே தொகுப்பில் தனியே ஒதுக்கி வைத்திருந்த படங்களில் 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது சுமார் 31 விழுக்காட்டுக்குச் சரிந்தது. ஒற்றை இலையை ஒரே சீரான பின்னணியில் வைத்து எடுத்த படங்களில் படித்த நிரலுக்கு, பல இலைகளும் நிழலும் கலந்த செடி புதிது. இதை மறைக்காமல் எழுதியவர்களும் அந்த ஆய்வாளர்களே. அதன் பிறகு நுட்பம் வளர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் துல்லியம் பற்றிய எண்ணைக் கேட்கும்போதெல்லாம், எந்தப் படங்களில் சோதித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ரோஜா போன பிறகு செயலியைத் திருத்தி எழுதினேன். இப்போது அது ‘தண்ணீர் விடவும்’ என்று சொல்வதில்லை. ‘மண்ணைத் தொட்டுப் பார்க்கவும்’ என்கிறது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரமா உலர்வா என்று நாங்கள் குறிக்கிறோம். ஒரே அளவுத் தொட்டிகளில் இருக்கும் இரண்டு செம்பருத்திகளில், வெயிலில் நிற்பது தினமும் நீர் கேட்கிறது, நிழலில் நிற்பது நான்கு நாள் தாங்குகிறது என்பது இந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. படம் அனுப்பினாலும் உடனே பதில் வராது. மஞ்சளானது அடி இலையா கொழுந்தா, ஊற்றிய நீர் துளை வழியே வடிகிறதா, கடைசியாக உரம் வைத்தது எப்போது என்று முதலில் கேட்கும். இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன் கூடுவது இலையின் அடிப்புறத்தில் என்பதால் இலையைத் திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொல்லும். பிறகும் ஒரே பெயரைச் சொல்லாமல், இருக்கக்கூடிய இரண்டு மூன்று காரணங்களையும் அவற்றைப் பிரித்தறியும் வழியையும் தரும். எதுவும் பொருந்தாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லவும் பழக்கியிருக்கிறேன். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலையாக இருந்தது.

பூச்சிமருந்தின் அளவை மட்டும் அது சொல்லவே கூடாது என்று தடுத்துவிட்டேன். பதிலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான மொழி மாதிரிகள், எங்கும் இல்லாத ஓர் அளவையும் உறுதியான குரலில் சொல்லிவிடக்கூடியவை. புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். படம் எடுத்த இடத்தைக் காட்டும் விவரத்தைக் கைப்பேசி படத்தோடு சேர்த்துவிடக்கூடும் என்பதால், அனுப்பும் முன் அதையும் நீக்குகிறேன்.

இத்தகைய செயலிகளைத் தங்கள் நாளிதழ் மீண்டும் அறிமுகப்படுத்தும்போது, அவை எத்தனை செடிகளை அடையாளம் காணும் என்பதோடு, பதில் சொல்லும் முன் எதையெல்லாம் கேட்கின்றன என்பதையும் எழுதுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்