கண்ணாடியில் கை பார்க்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

மதுரையில் படம் எழுதியும் போட்டோ பிடித்தும் வாழ்ந்த எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வேலையை அடையாளம் காண உதவிய அனைவருக்கும் குடும்பத்தாரின் நன்றி.

முதல் வணக்கம், நெகட்டிவ் டச்சிங்கில், அதாவது நெகட்டிவில் முகத்தைப் பென்சிலால் திருத்தும் வேலையில், தலை நரைத்த பெரியவருக்கு. ஹாஃப் பிளேட் அளவுக் கண்ணாடி நெகட்டிவை, நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலம், சாய்வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னார். ஜெலட்டின் மருந்து பூசிய பக்கத்தில், முகத்தின் மேல் மட்டும் பென்சில் கீற்றுகள் மினுங்கின. அம்மைத் தழும்பின் நிழல் நெகட்டிவில் தெளிந்து கிடக்கும். அதைக் கூர்பென்சிலால் அடைத்தால் பிரிண்டில் தழும்பு மறையும். படம் எழுதிய கை அங்கேதான் தெரிகிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் பென்சிலைப் பிடித்திருக்கும் வார்னிஷ் கரைந்து எல்லாம் போயிருக்கும். தடுத்தாட்கொண்டீர்கள், ஐயா.

ஓரங்களில் மருந்து உரிவது ஏன் என்று விளக்கிய பாதுகாப்பு வல்லுநருக்கும் நன்றி. ஈரத்தில் ஜெலட்டின் ஊதும், வறட்சியில் சுருங்கும்; கண்ணாடி அசையாது, அதனால் பிடிப்பு விடுகிறது. இப்போது தகடுகள் ஒவ்வொன்றும் பசையில்லாத நான்கு மடிப்புத் தாளுறையில், நீளப் பக்கம் கீழாக, நிமிர்ந்து நிற்கின்றன. படுக்கவைத்து அடுக்கினால் அடித்தகடு உடையும்.

இடவலம் மாறிய நகல்களைக் கண்டுபிடித்த தம்பி, முந்தானை வலத்தோளில் விழுந்ததை வைத்தே பிடித்தீர்கள். நகலெடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எழுதிவைக்காததுதான் கோளாறு. சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன வண்ணம் தீட்டிய பெரிய படத்தைப் பிரிக்காமல் அப்படியே நகலெடுத்துக் கொடுத்தவருக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

ஸ்டூடியோவில் ஆளுக்குப் பின்னால் தொங்கவிடும் படுதாக்களை ஒப்பிட, தமிழக ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு பெருந்துணை. ஒரே படுதா இரண்டு படங்களில் வந்தால், அதன் கிழிசலும் மடிப்பும் எது முந்தியது என்று சொல்லிவிடும்.

பத்திர எழுத்தர் அண்ணாச்சிக்குத் தனி நன்றி. கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தைத் தேடச் சர்வே எண் இல்லையென்று ஓய்ந்துவிட வேண்டாம், 1908 பதிவுச் சட்டப்படி பதிவு அலுவலகத்தின் முதல் அட்டவணை பேர்வாரியானது என்றார். இனிஷியலோடு, தகப்பன் பேரோடு, சாதிப் பட்டத்தோடு என மூன்று விதமாகத் தேடியதில் கிரயப் பத்திரம் கிடைத்தது. அதில் ‘ஜீவனம் சித்திரவேலை’ என்றிருக்கிறது.

பிரிண்ட் ஒட்டிய அட்டையின் பின்னால் பென்சிலில் எழுதிய எண்தான் தகட்டோரம் கீறிய எண். அவர் முத்திரையிட்ட படம் வைத்திருப்போர் பின்பக்கத்தையும் 600 டிபிஐயில் எடுத்து அனுப்பினால், தகட்டிலிருப்பவர் யாரென்று சேர்த்துவிடலாம்.

நன்றியுடன்,
கொள்ளுப்பேரர்கள்